தொட்டால் போய்விடும் லைசென்ஸ்

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து சூட்கேசுகளைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் ஸ்ரௌவ்வில் அன்ரி தன்னுடைய பிறஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மாமியின் நெடுங்காலச் சிநேகிதி. ஸ்ரௌவ்விலில் புதுவீடு வாங்கிப் போனதிலிருந்து எல்லோரும் அவரை ஊரின் பெயராலேயே அழைத்தார்கள். மாமி வீட்டுச் சோபாவில் என் பக்கத்தில் வந்து இருந்தார், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார், கையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"பிள்ளை, மெஷின் ஒரு கணக்குச் சொல்லுது, டொக்டர் ஒரு கணக்குச் சொல்லுறார். நீதான் உண்மையைச் சொல்லவேணும்," என்றார்.

நான் பரமெடிக். அதாவது 911 அடித்தால் ஆம்புலன்சில் வந்து இறங்குகிற ஆள். அல்பேர்ட்டாவில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே கிடந்த ஒரு சின்ன ஊரில் பத்து வருடத்துக்குக் கிட்ட அந்த வேலை செய்தேன். அறுந்த விரலைப் பால் பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொண்டு, "அவசரமில்லை, முதலில் கோப்பி குடியுங்கள்" என்று உபசரித்த கோதுமை விதைக்கிற கமக்காரரை எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்த வேலை எனக்கு உயிர். பிறகு என் கணவருக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்தது. அங்கே ரூஜ் பகுதியில் அவருடைய அம்மா, என் மாமி, பெரிய வீடொன்றில் தனியாக இருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது, என் லைசென்ஸைத் தவிர.

இந்த நாட்டில் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் கட்டிலைக் கொண்டுபோகலாம், பூனையைக் கொண்டுபோகலாம், புருசனைக்கூடக் கொண்டுபோகலாம். பரமெடிக் லைசென்ஸை மட்டும் கொண்டுபோக முடியாது. என்னுடையது ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. அல்பேர்ட்டாக்காரரின் இருதயம் இடப்பக்கம் இருந்தால் ஒன்ராறியோக்காரரின் இருதயமும் இடப்பக்கம்தானே இருக்கும் என்று கணவரிடம் கேட்டேன். இருக்கலாம், ஆனால் அதை நீர் இஞ்சத்தை அலுவலகத்துக்கு எழுத்தில் காட்டவேண்டும் என்று அவர் சொன்னார்.

காட்டவேண்டியது கனக்க இருந்தது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாப் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ் சேவையில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. புதிதாகச் சேருகிறவர்களுக்கான வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒன்ராறியோவின் லைசென்ஸ் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த முறை எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அதுவரை நான் மாமி வீட்டில் முழுநேர மருமகள். அந்த வேலைக்கு லைசென்ஸ் தேவையில்லை, லீவும் கிடையாது.

அன்ரியின் கை இன்னும் என் மடியில்தான் கிடந்தது. ஒரு கையைப் பார்த்தால் நாளைக்கு ரூஜ் முழுக்கக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. உண்மையில் பிறஷர் பார்ப்பதற்கு எந்த லைசென்சும் தேவையில்லை. மெஷினில் ஒரு பொத்தான்தான் இருக்கிறது. தெருவில் ஒருவர் விழுந்து கிடந்தால் யாரும் தூக்கி உதவலாம், சட்டம் அதைத் தடுப்பதில்லை. ஆனால் நான் வாயைத் திறந்து சொன்னது வேறு.

"அன்ரி, எனக்கு இஞ்ச லைசென்ஸ் இல்லை. நான் இப்ப உங்களைத் தொட்டால் பிறகு எனக்குத் தரவேமாட்டினம்."

அன்ரி சுடுசட்டியில் பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். குசினி வாசலில் மாமி தேத்தண்ணித் தட்டோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் யோசித்திருக்கவேண்டிய இடம் அதுதான். ஏனென்றால் மாமி கடுதாசி விஷயத்தில் விளையாடாத மனுசி. அகதியாக வந்து, வழக்கு முடியும்வரை வருடக்கணக்காகக் காத்திருந்தவர். அந்தக் காலத்தில் ஒரு வாகனமும் இல்லாத தெருவில்கூடச் சிவப்பு லைற்றுக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பாராம். ஏதாவது ஒரு பிழை செய்து, அதைப் பார்த்து அரசாங்கம் மனம் மாறிவிடக்கூடாது என்ற பயம். இப்போது அந்தப் பயத்தை அப்படியே எடுத்து என் லைசென்சுக்குப் போர்த்திவிட்டார்.

அன்றிலிருந்து மாமி எனக்குக் காவல். பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். ஒரு அங்கிள் காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்திக்கொண்டு என்னை நோக்கி வந்தார். மாமி நடுவில் போய் நின்று, அவவுக்குக் காட்டாதேங்கோ, லைசென்ஸ் போயிடும் என்றார். அங்கிள் அப்படியே நின்று, தொடவேண்டாம் பிள்ளை, அங்க நிண்டு பாத்தால் போதும் என்று தூரத்திலிருந்தே முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினார். கேக் வெட்டியபிறகு இன்னொரு அன்ரி மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து நாக்கை நீட்டினார். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், நிம்மதி ஒருபக்கம். நல்ல பொய் ஒன்று சொன்னேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காவல் நின்றாரே தவிர, மாமி என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார் என்று யாரும் நினைக்கவேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என்னை ஒரே மாதிரித்தான் அறிமுகம் செய்வார். இவ மகன்ட மனுசி. அல்பேர்ட்டாவிலை ஆம்புலன்ஸ் ஓடினவ. இப்ப சும்மா இருக்கிறா. மூன்று வசனம், மூன்றும் ஊசி. என் அப்பா அம்மா மட்டக்களப்பு என்பதையும் சிலசமயம் சேர்த்துக்கொள்வார். யாழ்ப்பாணத்துக்காரியான மாமிக்கு அல்பேர்ட்டாவும் மட்டக்களப்பும் ஒன்றுதான், இரண்டும் தூரம்.

"மாமி, நாங்கள் ஓடுறது மட்டுமில்லை," என்று ஒருநாள் பொறுக்கமுடியாமல் விளக்கப்போனேன். "மருந்து குடுக்கிறது, நெஞ்சுத்துடிப்புப் பாக்கிறது, எல்லாம் நாங்கள்தான்."

"அப்ப ஆம்புலன்ஸை ஆர் ஓடுறது?"

"அதுவும் நாங்கள்தான்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு மாமி வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இதற்கிடையில் என் விண்ணப்பம் ஒன்ராறியோ அலுவலகத்தில் கிடந்தது. நான் அல்பேர்ட்டாவில் ஒரு குழப்படியும் செய்யாத ஆள் என்று அங்கிருந்து ஒரு கடிதம் இங்கே வரவேண்டும். என் கையால் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். அல்பேர்ட்டாக்காரர் அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஒன்ராறியோக்காரர் வரவில்லை என்றார்கள். நடுவில் நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டு எனக்கு இப்போதும் பாடம். கடைசியில் கடிதம் வந்துவிட்டதாம், ஆனால் அதில் என் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் இருக்கிறதாம்.

அந்த மனிதர் யார் என்று அலுவலகப் பெண் கேட்டாள். தேன்போலக் குரல், அதனால் சண்டைபிடிக்கவும் முடியாது. அவர் என் அப்பா, எங்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயர் முன்னால் வரும் என்றேன். அவரும் பரமெடிக்கா என்று கேட்டாள். இல்லை, அவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர் என்றேன். அப்படியானால் அவர் ஏன் இந்த லைசென்சில் இருக்கிறார் என்று அவள் மிகவும் அன்பாகக் கேட்டாள். நானும் அப்பாவும் வேறுவேறு ஆள், ஆனால் அந்தப் பெயருக்குரிய ஆள் நான் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி ஒன்று எழுதிக் கொடுத்தேன். அப்பா இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மகளோடு சேர்ந்து தனக்கும் வேலை கிடைத்தால் வருகிறேன் என்றார்.

மாமி ஒவ்வொருநாளும் காலைத் தேத்தண்ணியோடு கேட்பார், "வந்திட்டுதோ?" இல்லை மாமி என்பேன். பின்னேரம் மறுபடியும் கேட்பார். இந்த மனுசிக்கு என்னை வீட்டை விட்டுக் கலைக்க என்ன அவசரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆம்புலன்ஸ் ஓட்டுவதற்கும் இங்கே வேறாக ஒரு சாரதி லைசென்ஸ் எடுக்கவேண்டும். கண் பார்த்தார்கள், உடம்பு பார்த்தார்கள், எழுத்துச் சோதனை வைத்தார்கள், பிறகு ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அல்பேர்ட்டாவில் பனிக்கட்டியில் ஓடிப் பழகியவர்கள் முன்னால் போகிற வாகனத்துக்கும் தங்களுக்கும் இடையில் நிறைய இடம் விடுவார்கள். நானும் விட்டேன். ஸ்காபரோவில் அந்த இடத்துக்குள் ஒரு கார் புகுந்தது. மறுபடியும் விட்டேன், கூரையில் மெத்தை கட்டிய ஒரு வான் புகுந்தது. நீங்கள் இப்படியே இடம் கொடுத்துக்கொண்டு போனால் நாங்கள் பின்பக்கமாகத்தான் திரும்பிப் போய்ச் சேருவோம் என்று சோதனைக்காரர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் பாஸ் பண்ணிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. படியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, அப்ப எல்லாம் முடிஞ்சுதோ, இனி நீ ஆக்களைத் தொடலாமோ என்று கேட்டார். இல்லை மாமி, இது ஓடுறதுக்கு மட்டும், தொடுறதுக்கானது இன்னும் வரவில்லை என்றேன். மாமி கீழ்ப்படியில் மெல்ல இருந்தார்.

"சரி. பாப்பம்," என்றார்.

அந்த நாட்களில்தான் மாமி என்னை வேலைக்காரி ஆக்கத் தொடங்கினார் என்று நான் முடிவுகட்டினேன். உடுப்புத் தோய்க்கிற மெஷின் நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில். மீன் வைக்கிற பெரிய பிரிட்ஜும் பேஸ்மென்றில். அதுவரை அங்கே யாரையும் போகவிடாமல் தானே ஏறி இறங்கிய மனுசி, திடீரென்று மேலே கதிரையில் இருந்துகொண்டு ஏவத் தொடங்கிவிட்டார். பிள்ளை, கீழ போய் மீன் எடுத்துக்கொண்டு வா. பிள்ளை, அந்த உடுப்பைக் கொண்டுபோய்ப் போடு. பிள்ளை, அரிசி மூட்டையைத் தூக்கி வை. மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று கைபிடியில் விரலால் தடவிப் பார்ப்பார். தூசு பிடித்திருக்கிறதா என்று சோதிக்கிறார், நான் சரியாகத் துடைக்கவில்லை என்று காட்டுகிறார் என்று எனக்குக் கொதித்தது.

இதற்குமேல் உள்ளிப்பூண்டு மணம். வாய்வு என்று சொல்லிக்கொண்டு தினமும் உள்ளியைப் பாலில் அவித்துக் குடித்தார். வீடு, திரைச்சீலை, என் தலைமயிர் எல்லாம் உள்ளி. உங்கட அம்மா என்னைப் பழிவாங்குகிறா என்று கணவரிடம் சொன்னேன். நீர் வேலையில்லை வேலையில்லை எண்டு அந்தரப்பட்டனீர், இப்ப அவ வேலை தந்திருக்கிறா என்றார். தலையணையால் அவருக்கு எறிந்தேன். அவர் அதைப் பிடித்துத் தன் தலைக்கு வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டார்.

வகுப்பு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் லைசென்ஸின் பிரதியை அனுப்பாவிட்டால் இடம் கிடையாது என்று ஒஷாவாப் பக்கத்திலிருந்து முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளி காலையில் ஒன்ராறியோ அலுவலகத்துக்கு அடித்தேன். எல்லாம் சரியாம், கையொப்பம் வைக்கிறவர் மட்டும் இருக்கையில் இல்லையாம். எப்போது வருவார் என்று கேட்டேன். வரும்போது வருவார் என்று அந்தத் தேன்குரல் சொன்னது. போனை வைத்துவிட்டுக் குசினி மேசையில் தலையைக் கவிழ்த்து நன்றாக அழுதேன். இனி வெட்கப்பட என்ன இருக்கிறது. மாமி தேத்தண்ணி ஊற்றி முன்னால் வைத்துவிட்டுச் சாமியறைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

சாப்பாட்டு நேரம் கழிந்து நான் மேலே அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஈமெயில் வந்தது. கையொப்பம் வைக்கிறவர் தன் இருக்கைக்குத் திரும்பிவிட்டார் போல. என் பெயரும் எண்ணும் போட்ட ஒன்ராறியோ லைசென்ஸ். படியில் இரண்டு இரண்டாகப் பாய்ந்து குசினிக்குள் ஓடினேன். கணவர் வேலையில். வீட்டில் நானும் மாமியும்தான். மாமி மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, வந்திட்டுது."

"மெய்யே? வடிவாப் பாத்தனியோ? உன்ர பேரோ, கொப்பரின்ர பேரோ?"

"என்ர பேர்தான் மாமி."

"அப்ப இனி நீ ஆக்களைத் தொட்டால் ஒண்டும் செய்யமாட்டினம்?"

"ஆரையும் தொடலாம். இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது."

மாமி பயற்றங்காயை ஒதுக்கி வைத்தார். கையைச் சீலைத்துண்டில் துடைத்தார். பிறகு ஸ்ரௌவ்வில் அன்ரி அன்று செய்ததுபோலவே சட்டைக் கையைச் சுருட்டி, கையை மேசையில் என் முன்னால் நீட்டி வைத்தார்.

"அப்ப என்னைப் பார். நெஞ்சுக்குள்ள இறுக்குது. காலமை துவங்கினது, இன்னும் விடேல்லை."

"இண்டைக்கோ துவங்கினது?"

"இது பெரிசு. சின்னது கனநாளா வந்து வந்து போகுது."

அப்போதுதான் மாமியின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சாம்பல் நிறம். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை. பாதிப் படியில் நின்றது தூசு பார்க்க அல்ல. பேஸ்மென்றுக்கு என்னை அனுப்பியது மாமியார்த்தனம் அல்ல. ஊரிலுள்ள கமக்காரரின் நெஞ்சுவலியை எல்லாம் வாசலில் வைத்தே கண்டுபிடித்த எனக்கு, இந்த வீட்டில் உள்ளி மணத்தை மட்டும்தான் கண்டுபிடிக்க முடிந்திருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தேன். மறு கையால் போனை எடுத்தேன்.

"ஆருக்கு அடிக்கிறாய்?"

"911க்கு."

"ஏன்? இப்பதானே உனக்கு லைசென்ஸ் வந்தது."

"என்னட்டை ஆம்புலன்ஸ் இல்லை மாமி. லைசென்ஸ் மட்டும்தான் இருக்கு."

மாமி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். புதிதாக வாங்கிய மின்சாரச் சோற்றுச்சட்டிக்கு வயர் இல்லை என்று கண்டவர் பார்க்கிற பார்வை அது. இவ்வளவு நாள் பொறுத்திருந்தது இதற்கா என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

மறுமுனையில் இருந்தவன் நல்ல பொடியன். மூச்சு விடுகிறாரா, வலி எங்கே, கதவைத் திறந்து வைத்தீர்களா என்று ஒழுங்காகக் கேட்டான். அந்தக் கேள்விகளுக்கு அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் சொல்வழி கேட்கிற பிள்ளைபோல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அஸ்பிரின் இருந்தால் சப்பக் கொடுங்கள் என்றான். வெறும் வயிற்றில் குளிசை போடக்கூடாது என்று மாமி வாதாடினார். சாமிக்கு நேர்ந்து மத்தியானம் சாப்பிடவில்லையாம். எதற்கு நேர்ந்தார் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. சப்புங்கோ மாமி என்று நான் போட்ட சத்தத்தில், எனக்கே தெரியாத ஒரு மருமகள் வெளியே வந்தாள். மாமி என்னை முறைத்துக்கொண்டே சப்பினார்.

அடுத்த சண்டை சீலைக்கு. மாமி வீட்டில் உடுக்கிற சோட்டியோடு இருந்தார். சோட்டியோட ஆக்களுக்கு முன்னாலை வரமாட்டன், மேலே போய்ச் சீலை உடுத்திக்கொண்டு வாறன் என்று எழும்பினார். தோளைப் பிடித்து இருத்தினேன். ஒரு படி ஏறினால் நான் இந்த லைசென்ஸைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று வெருட்டினேன். அதற்குப் பயந்து இருந்துவிட்டார். கதிரையில் கிடந்த என் சால்வையால் போர்த்திவிட்டேன். மேசையைத் துடை, உள்ளித் தோலை எடுத்துப் போடு, அடுப்பை நிப்பாட்டு, சைரன் போடவேண்டாமெண்டு அவனுக்குச் சொல்லு, முன்வீட்டுக்காரர் பாப்பினம் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டளைகள் வந்துகொண்டே இருந்தன.

சைரன் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். நெடுவலான ஒரு பொடியன், அவனோடு ஒரு பெட்டை. இருவரும் பூட்ஸ் காலோடு நேரே குசினிக்குள் வந்தார்கள். அந்த நிலையிலும் மாமியின் கண் அவர்களின் காலில்தான் நின்றது. அவர்கள் மாமியின் நெஞ்சில் வயர்களை ஒட்டி மெஷினைப் போட்டார்கள். திரையில் ஓடிய கோடுகளைப் பின்னால் நின்று பார்த்தேன். அவை எனக்கு நன்றாகத் தெரிந்த கோடுகள். மாரடைப்பு என்று எனக்கும் விளங்கியது, அந்தப் பெட்டைக்கும் விளங்கியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அடுத்த வீட்டுக்காரருக்காக ஒருநாளும் சும்மா நில்லாத கை.

நீங்கள் நேர்ஸா என்று அந்தப் பெட்டை என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் மாமி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்.

"பரமெடிக். லைசென்ஸ் ருடே."

லைசென்ஸ் இன்றைக்குத்தான் வந்தது என்கிறார். ஆம்புலன்ஸ் ஓடுறவ என்று சொல்லவில்லை. பரமெடிக் என்ற சொல் மாமிக்குத் தெரியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. பெட்டை எனக்கு வாழ்த்துச் சொன்னாள். பிறகு, அந்தக் கதிரையைக் கொஞ்சம் தள்ளி வைக்கமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். தள்ளி வைத்தேன்.

ஆம்புலன்சில் என்னைப் பின்னால் ஏறவிடவில்லை. கூட வருகிற சொந்தக்காரர் முன்சீற்றில்தான் இருக்கவேண்டும். அந்த விதியை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெல்ற்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன். சைரன் சத்தத்தையும் மேவிக்கொண்டு பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"பிள்ளை, நீயோ ஓடுறாய்?"

"இல்லை மாமி. வேற ஆள் ஓடுது."

"அப்ப நீ என்ன செய்யிறாய்?"

"சும்மா இருக்கிறன்."

"சும்மா இருக்காமல் அந்தக் கடுதாசியை வேலைக்கு அனுப்பு. இண்டைக்குள்ள அனுப்பவேணுமெல்லோ."

எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. அந்த முன்சீற்றில் இருந்துகொண்டு, போனிலிருந்தே ஒஷாவாப் பக்கத்துக்கு லைசென்ஸை அனுப்பினேன். ஓடிக்கொண்டிருந்த பொடியன் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, அங்கேயா சேருகிறீர்கள், நல்ல இடம் என்றான்.

நேரே நெஞ்சு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன கையோடு அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் ஒரு வசனத்தைத் தொடங்கினார். நான் முடிக்கவிடவில்லை. எனக்கு அந்த வசனத்தின் மிச்சம் தெரியும்.

மறுநாள் மாமி கட்டிலில் சாய்ந்திருந்து ராசாத்தி மாதிரி ஆட்களைப் பார்த்தார். ஸ்ரௌவ்வில் அன்ரி போத்தலில் ரசத்தோடு வந்தார். நல்லகாலம், பிறஷர் மெஷின் கொண்டுவரவில்லை. நெஞ்சு இறுக்கினால் உடனே 911 அடியுங்கோ, வாய்வெண்டு உள்ளி குடியாதேங்கோ, சீலை மாத்தப் போகாதேங்கோ, என்ர மருமகள் பரமெடிக், அவ சொன்னவ என்று மாமி அவருக்கு வகுப்பு எடுத்தார். என் கணவர் அன்ரியைக் கீழே காருக்குக் கொண்டுபோய் விடப் போனார். நாங்கள் இருவரும் தனித்தோம். பயம் தெளிந்து எனக்குக் கோபம் வந்திருந்தது, அதுவும் சின்னக் கோபமில்லை.

லைசென்ஸ் இல்லாவிட்டால் என்ன, நாட்டில் வேறு பரமெடிக் இல்லையா, ஆஸ்பத்திரி இல்லையா, சொந்த மகன் வீட்டில் இல்லையா என்று பொரிந்து தள்ளினேன். உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் உங்கட மகனின் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டேன். மாமி போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லியிருந்தால் அவன் முதல் ஆரைக் கூப்பிட்டிருப்பான்?" என்று கேட்டார்.

"என்னைத்தான்."

"நீ என்ன செய்திருப்பாய்?"

"உடனே ஓடிவந்து உங்களைப் பாத்திருப்பன். வேறென்ன?"

"அதுதான் சொல்லேல்லை," என்றார் மாமி.

தொட்டால் லைசென்ஸ் போய்விடும் என்ற சட்டம் அன்ரியின் மெஷினுக்குப் பயந்து நான் கட்டிவிட்ட கதை என்று மாமியிடம் சொல்ல வாயெடுத்தேன். இன்றுவரை சொல்லவில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு உடுப்பு அயன் பண்ணியாச்சோ என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு விம்மி விம்மி அழுதேன். என்னமோ ஏதோ என்று பயந்து பக்கத்துக் கட்டில் மனுசி மணியை அடித்துவிட்டார். ஓடிவந்த நேர்ஸ் மாமியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, பிறஷர் பார்க்க என் சட்டைக் கையைச் சுருட்டினாள்.